வினாத்தாள் சொல்லும் பாதி: பிளஸ் டூ வேதியியலில் எதை முதலில் படிப்பது?

பிப்ரவரி பிறந்துவிட்டால் குடியாத்தத்தில் ஜெராக்ஸ் கடை வரிசை மாறிவிடும். பட்டா நகலுக்கும் ஆதார் நகலுக்கும் நிற்கிறவர்களுக்கு நடுவே சீருடைப் பிள்ளைகள் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய நாலு பக்கத் தாள் அதில் இருக்கும். மேலே தடித்த எழுத்தில் 'வேதியியல்: கட்டாயம் வரும் கேள்விகள்'. காட்பாடியிலும் ஆம்பூரிலும் இதே மாதிரித் தாள்கள்தான் சுற்றுகின்றன. அதை வாங்கி மடித்துப் பையில் வைக்கிற பிள்ளையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பதினைந்து பாடம் நாலு பக்கத்துக்குள் அடங்கிவிட்ட நிம்மதி.

அந்த நிம்மதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இந்தப் பக்கத்தில் பல வருஷமாக மாலை நேரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் வேலை இருக்கிறது. ஷூ கம்பெனியிலிருந்து அம்மா திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சனிக்கிழமை கடையில் நிற்க வேண்டும். நேரம் நிறைய இருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் படிக்கும். நேரம் குறைவாக இருக்கிற பிள்ளைதான் 'எது சார் முக்கியம்?' என்று கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்குப் பழைய வினாத்தாளைப் புரட்டுவதும் சரியான வழிதான். ஆனால் பழைய வினாத்தாளால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரியாமல் புரட்டினால், அந்த நாலு பக்கத் தாளிலேயே வந்து முடியும்.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 1200 மார்க் இருந்த காலத்தில் பிளஸ் டூ வேதியியல் எழுத்துத் தேர்வுக்கு 150 மார்க், செய்முறைக்கு 50. புத்தகத்தில் 22 பாடங்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் அளவில் கேள்வி வரும் என்பதற்குப் புளூபிரின்ட் இருந்தது. இந்தப் பாடத்தைப் படித்தால் ஒரு பத்து மார்க் உறுதி, அந்தப் பாடத்தில் ஒன் மார்க் மட்டும் பார்த்தால் போதும் என்று ஆசிரியரும் சொல்லலாம், பிள்ளையும் நம்பலாம். அன்று அது ஊகம் இல்லை. அச்சில் இருந்த கணக்கு.

2018-19இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-20இல் பிளஸ் டூவுக்கும் புதுப் புத்தகம் வந்தபோது இதெல்லாம் போய்விட்டது. மொத்த மார்க் அதற்கு முன்பே 600 ஆகியிருந்தது. வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாடங்கள் பதினைந்து. புளூபிரின்ட் கிடையாது, புத்தகத்தின் எந்த வரியிலிருந்தும் கேட்கலாம் என்றார்கள். கணக்கு போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. புளூபிரின்ட் இருந்த இடத்தில் இப்போது 'டிரெண்ட்' உட்கார்ந்திருக்கிறது. முன்பு தெரிந்ததை வைத்துச் சொன்ன அதே உறுதியான குரலில் இன்று தெரியாததையும் சொல்கிறோம். நானும் முதல் வருஷம் அப்படித்தான் சொன்னேன். அதை நம்பிப் படித்த பிள்ளைகளிடம் இன்றும் எனக்குக் கடன் இருக்கிறது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எத்தனை வருஷத் தாள்கள் நம் கையில் இருக்கின்றன? புதுப் புத்தகத்தில் முதல் வேதியியல் பொதுத்தேர்வு 2020 மார்ச் 24 அன்று நடந்தது. அந்தத் தேதியை இந்தத் தலைமுறை மறக்காது. அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144, நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் கிடைக்காமல் அன்று எழுத முடியாமல் போனவர்களுக்கு ஜூலை 27இல் மறுதேர்வு வைத்தார்கள். 2021இல் தேர்வே ரத்து. 2022இல் தேர்வு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, அதுவும் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில். அந்த வருஷம் புத்தகத்தின் பல பகுதிகள் தேர்வுக்கே இல்லை என்பதால், மிச்சமிருந்த பகுதிகளிலிருந்து கேள்விகள் கூடுதலாக வந்தே தீரும். 2022 தாளை மற்ற வருஷங்களோடு சேர்த்து எண்ணுகிறவர் தன்னையறியாமல் அந்தப் பகுதிகளின் மதிப்பை ஏற்றிவிடுகிறார். ஆக 2020, 2023, 2024, 2025 என்று முழுப் பாடத்திட்டத்தில் நடந்த மார்ச் தாள்கள் நான்கு, அதற்குப் பின்னால் வந்தவை, அப்புறம் துணைத்தேர்வுத் தாள்கள். கையிருப்பு இவ்வளவுதான். 'பத்து வருட டிரெண்ட்' என்று எங்காவது அச்சிட்டிருந்தால் அதில் பழைய புத்தகத்தின் கேள்விகள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். அதில் அணுக்கரு வேதியியல் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இப்போதைய பிளஸ் டூ புத்தகத்தில் அப்படி ஒரு பாடமே கிடையாது.

நாலு தாளை வைத்து என்ன சொல்ல முடியும்? ஒரு ரூபாய் நாணயத்தை நாலு தடவை சுண்டிப் பாருங்கள். இரண்டு பூ, இரண்டு தலை என்றுதான் விழும் என்று மனது எதிர்பார்க்கும். உண்மையில் நாலு தடவையில் மூன்று தடவையாவது ஒரே பக்கம் விழுவதற்கான வாய்ப்பு 16இல் 10. பாதிக்கும் மேல். நாணயத்தில் கோளாறே இல்லாமல் இது நடக்கும். ஒரு கேள்வி நாலு வருஷத்தில் மூன்று வருஷம் வந்திருக்கிறது என்றவுடன் அதில் ஏதோ திட்டம் இருப்பதாக நமக்குத் தோன்றுவதும் இப்படித்தான். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். 'மூணு வருஷமா வருது, இந்த வருஷமும் வரும்' என்று ஒரு கேள்வியைச் சொல்கிற அதே வாய், அடுத்த நிமிஷம் 'மூணு வருஷமா வரல, அதனால இந்த வருஷம் வரும்' என்று இன்னொரு கேள்வியைச் சொல்லும். இரண்டையும் சேர்த்து நம்பினால் எந்தக் கேள்வியையும் விட முடியாது. முக்கியக் கேள்விப் பட்டியல் ஜனவரியில் இரண்டு பக்கமாகத் தொடங்கி மார்ச்சில் பன்னிரண்டு பக்கமாக வளர்வதற்கு இதுதான் காரணம்.

தனிக் கேள்வி வருமா வராதா என்பதற்கு நாலு தாள் போதாது. பாடத்துக்கு எவ்வளவு எடை, கேள்வி எந்த வடிவில் வருகிறது என்று பார்க்க அதே நாலு தாள் ஓரளவு போதும். ஏனென்றால் ஒரு தாளில் இருப்பது ஒரு கேள்வி இல்லை. ஒன் மார்க் பதினைந்து. இரண்டு மார்க் ஒன்பதில் ஆறு, அதில் 24வது கேள்வி கட்டாயம். மூன்று மார்க் ஒன்பதில் ஆறு, அதில் 33வது கட்டாயம். ஐந்து மார்க் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றிலும் 'அல்லது' என்று இன்னொன்று. எழுத வேண்டியது 70 மார்க்குக்கு. அச்சில் இருப்பதையெல்லாம் கூட்டினால் 15, 18, 27, 50 என்று 110 மார்க் வரும். 110ஐப் பதினைந்து பாடத்தால் வகுத்தால் பாடத்துக்குச் சராசரி ஏழு மார்க்குக்குச் சற்று மேல். ஒரு பாடம் இந்த ஏழுக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதை நாலைந்து தாளில் பார்த்துவிடலாம்.

இங்கே சாய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஒரு பாடத்தை முழுசாக விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன் மார்க்கில் ஒன்று போகும், அதற்குச் சாய்ஸ் இல்லை. இரண்டு மார்க்கும் மூன்று மார்க்கும் சாய்ஸில் கழிந்துவிடும், கட்டாயக் கேள்வி அந்தப் பாடத்திலிருந்து வராத வரைக்கும். ஐந்து மார்க்கில் 'அல்லது' காப்பாற்றும். ஆக இழப்பு ஒன்றிரண்டு மார்க்கில் நின்றுவிடலாம். இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மூன்று பாடத்தை விடுகிறது. மூன்று பாடம் என்றால் சராசரியாக 22 மார்க். 110இல் 22 போனாலும் 88 இருக்கிறதே, எழுத வேண்டியது 70தானே என்று தோன்றும். ஆனால் மிச்சமிருக்கும் ஐந்து மார்க்கைக் கொண்டுபோய் ஒன் மார்க்கில் வைக்க முடியாது. 'அல்லது'வின் இரண்டு பக்கமும் விட்ட பாடங்களாகவே அமைந்துவிட்டால் ஐந்தும் போச்சு. அதைவிட முக்கியமானது, படித்த பாடத்திலும் எல்லாக் கேள்விக்கும் நமக்குப் பதில் தெரிந்திருக்காது. சாய்ஸ் என்பது படித்தும் மறந்துபோன கேள்விக்காக வைத்திருக்கும் இருப்பு. அதைப் படிக்காத பாடத்துக்கே செலவழித்துவிட்டால் மறதிக்கு ஒன்றும் மிஞ்சாது.

பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவி ஜனவரி கடைசியில் என்னிடம் தன் கணக்கைச் சொன்னாள். வேதியியலுக்கு ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும், முப்பது நாள் இருக்கிறது என்றாள். இருபத்திரண்டரை மணி நேரம். பாடத்துக்கு ஒன்றரை மணி. "எது வரும்னு மட்டும் சொல்லுங்க சார், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளிடம் ஒரு பெரிய சார்ட் தாளைக் கொடுத்தேன். "எது வரும்னு எனக்குத் தெரியாதும்மா. எது எவ்வளவுன்னு நீயே எண்ணு" என்றேன்.

மேலிருந்து கீழே பதினைந்து பாடத்தின் பெயர்: உலோகவியல், பி-தொகுதித் தனிமங்கள் இரண்டு பாடம், இடைநிலைத் தனிமங்கள், அணைவு வேதியியல், திடநிலைமை, வினை வேகவியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல், புறப்பரப்பு வேதியியல், ஹைட்ராக்ஸி சேர்மங்களும் ஈதர்களும், கார்பனைல் சேர்மங்களும் கார்பாக்சிலிக் அமிலங்களும், கரிம நைட்ரஜன் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல். குறுக்கே ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பத்தி. கேள்வியைப் படித்து, எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தில் மார்க்கை எழுத வேண்டும். ஐந்து மார்க் கேள்வி இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து வேறு வேறு பாடத்திலிருந்து வந்திருந்தால் பிரித்தே எழுத வேண்டும். அடியில் கூட்டினால் 110 வர வேண்டும். அவள் முதல் தாளைக் கூட்டியபோது 107 வந்தது. மறுபடி மறுபடி கூட்டினாள். எந்தப் பாடம் என்று தெரியாமல் அவள் தாண்டிப்போன ஒரு மூன்று மார்க் கேள்வி கிடைத்தது. அவளுக்குப் பிடி இல்லாத இடம் எது என்று அந்த மூன்று மார்க்தான் முதலில் காட்டியது. அதனால்தான் இந்த அட்டவணையை நான் போட்டுக் கொடுப்பதில்லை. ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் படிப்புதான்.

கட்டத்தில் மார்க்கோடு கேள்வியின் கடைசிச் சொல்லையும் எழுதச் சொன்னேன். 'வரையறு', 'காரணம் கூறு', 'வேறுபடுத்து', 'தருவி', 'கண்டறிக', 'கணக்கிடு'. பாடத்தின் எடையைவிட இது சில சமயம் அதிகம் சொல்லும். புறப்பரப்பு வேதியியலில் 'வேறுபடுத்து' என்பது இயற்பரப்புக் கவர்ச்சிக்கும் வேதிப்பரப்புக் கவர்ச்சிக்கும் இயல்பாகப் பொருந்துகிற சொல். கரிம வேதியியலில் ஏ, பி, சி சேர்மங்களைக் 'கண்டறிக' என்பது. அயனிச் சமநிலையிலும் மின் வேதியியலிலும் 'கணக்கிடு'. எந்தச் சொல் எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால், அந்தப் பாடத்தை வாசிப்பதா, எழுதிப் பார்ப்பதா, கணக்குப் போடுவதா என்று முடிவாகிவிடும். கணக்குப் பாடத்தைப் பாயில் படுத்து வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உழைப்பு இருக்கிறது, அது கைக்கு இறங்கவில்லை.

இப்போது ஒரு இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். வினை வேகவியலில் முதல் வகை வினை. ஒன் மார்க்கில் வேக மாறிலியின் அலகைக் கேட்கலாம். இரண்டு மார்க்கில் அரைவாழ்காலத்தை வரையறுக்கச் சொல்லலாம். மூன்று மார்க்கில் அரைவாழ்காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்ததல்ல என்று நிறுவச் சொல்லலாம். ஐந்து மார்க்கில் வேக மாறிலிக்கான சமன்பாட்டையே தருவிக்கச் சொல்லலாம். அப்புறம் ஆசிரியர்கள் எல்லோரும் போட வைக்கிற அந்தக் கணக்கு: முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரைவாழ்காலத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று காட்டு. பட்டியலில் இவை ஐந்து தனித்தனிக் கேள்விகளாக இருக்கும். பிள்ளை ஐந்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யும். உள்ளே இருப்பது ஒரே விஷயம். ஆயிரம் பங்கில் ஒரு பங்கு மிஞ்சும்போது 99.9 சதவீதம் முடிந்துவிட்டது. ஆயிரத்தின் லாக் மதிப்பு 3, அதை 2.303ஆல் பெருக்கினால் 6.909. அரைவாழ்காலத்துக்குப் பாதி மிஞ்ச வேண்டும், இரண்டின் லாக் 0.3010, அதை 2.303ஆல் பெருக்கினால் 0.693. 6.909ஐ 0.693ஆல் வகுத்தால் 9.97. பத்து என்று வைத்துக்கொள்கிறோம். லாக் இல்லாமலும் பார்க்கலாம். ஒரு பொருளைப் பாதி, பாதி என்று பத்து தடவை குறைத்தால் 1024இல் ஒரு பங்கு மிஞ்சும். ஆயிரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? இதைக் கரும்பலகையில் சொன்ன நாளில் அந்த மாணவி நோட்டை மூடிவிட்டு, விரலில் இரண்டு, நாலு, எட்டு என்று எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கணக்கு இனிமேல் மறக்காது. டிரெண்டைக் கேள்வியாக எண்ணாமல் கருத்தாக எண்ண வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். எந்தக் கருத்து ஒன் மார்க்கிலிருந்து ஐந்து மார்க் வரை எல்லா அளவிலும் கேட்கப்படக்கூடியதோ, அது வரிசையில் முன்னால் வர வேண்டும்.

இரண்டு பாடத்தில் தலைகாட்டுகிற கருத்துக்கும் இதே மரியாதை தரலாம். கட்டிலா ஆற்றலுக்கும் மின்கல மின்னழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு உலோகவியலிலும் வரும், மின் வேதியியலிலும் வரும். எஸ்டரை அமிலத்தில் நீராற்பகுத்தல் வேகவியலில் போலி முதல் வகை வினைக்கு எடுத்துக்காட்டு, கரிமப் பாடத்தில் அதுவே எஸ்டரின் வினை. லாக் டேபிளைத் தடுமாறாமல் பார்க்கத் தெரிவது வேகவியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே முதலீடு. கால்குலேட்டர் அனுமதி இல்லாத தேர்வில் இதற்கு ஒதுக்கும் ஒரு மணி நேரம் வேறெந்த மணி நேரத்தையும்விட அதிகம் திருப்பித் தரும்.

அட்டவணை முடிந்ததும் மாணவி அதை நேராக வரிசையாக்கப் பார்த்தாள். மார்க் அதிகமுள்ள பாடம் மேலே, குறைவானது கீழே. அங்கேதான் நிறுத்தச் சொன்னேன். பழைய வினாத்தாள் தருவது பின்னத்தின் மேல் எண்ணை மட்டும்தான். கீழ் எண் பிள்ளையிடம் இருக்கிறது: அந்தப் பாடத்தைத் தேர்வில் எழுதும் அளவுக்குக் கொண்டுவர அவளுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? மேல் எண் எட்டாக இருந்தும் ஆறு மணி நேரம் கேட்கிற பாடம் ஒன்று. மேல் எண் ஐந்தாக இருந்தும் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற பாடம் இன்னொன்று. இரண்டாவதுதான் முதலில். அன்றாட வாழ்வில் வேதியியல் கடைசிப் பாடம் என்பதற்காகவே பல பிள்ளைகள் கடைசியில் தள்ளி, கடைசியில் விட்டும் விடுகிறார்கள். புரைத்தடுப்பானுக்கும் கிருமிநாசினிக்கும் வேறுபாடு, நைலான், பேக்கலைட், மக்கும் பலபடி என்று ஒரே மாலையில் பிடித்துவிடக்கூடிய பாடம் அது. எல்லோருக்கும் ஒரே வரிசை கொடுக்கிற ஜெராக்ஸ் தாளால் சொல்ல முடியாதது இந்தக் கீழ் எண்ணைத்தான். அதை எழுதியவருக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாது.

கீழ் எண்ணைக் குறைக்க நம் ஊரே உதவும். இடைநிலைத் தனிமங்களில் பொட்டாசியம் டைகுரோமேட் தயாரிப்பு என்றாலே பிள்ளைகளுக்குக் கசப்பு. நாலு சமன்பாடு, எதற்கு அடுத்து எது என்று நிற்காது. ராணிப்பேட்டைப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் நிற்கிறது. அங்கே இயங்கி மூடப்பட்ட குரோமேட் ஆலையில் நடந்ததும் பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கிற அதே வேலைதான். குரோமைட் தாதுவைச் சோடியம் கார்பனேட்டோடும் சுண்ணாம்போடும் சேர்த்துக் காற்றில் வறுத்தால் மஞ்சள் நிறச் சோடியம் குரோமேட். அமிலம் சேர்த்தால் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி டைகுரோமேட். அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் நமக்கு வேண்டிய பொட்டாசியம் டைகுரோமேட். ஆலை மூடிய பிறகும் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கே கிடந்ததும், அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சளானதும் இந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த சங்கதி. தோல் பதனிட உதவும் குரோமியம் மூன்று என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது, நஞ்சாக நிலத்தில் இறங்கியது ஆறு என்ற நிலையில் இருப்பது. ஒரே தனிமம், நிலை மாறினால் குணம் மாறுகிறது என்பதைப் பாலாற்றங்கரைப் பிள்ளைக்கு யாரும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை. குடியாத்தத்தில் தீப்பெட்டி ஒட்டிய வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ் என்று சொன்னால், வெள்ளை பாஸ்பரஸை ஏன் அங்கே பூச முடியாது என்று அதுவே கேட்கும்.

வேலூரில் இன்னொரு குழப்பம் உண்டு. சி.எம்.சி. இருக்கிற ஊர் என்பதாலோ என்னவோ, கொஞ்சம் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் வீட்டில் நீட் பேச்சு எழுந்துவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு சாதாரண வீடுகளிலும் அந்த நம்பிக்கை வந்திருக்கிறது, வர வேண்டியதுதான். ஆனால் நீட்டின் டிரெண்டும் பொதுத்தேர்வின் டிரெண்டும் வேறு வேறு. 2024 நீட்டுக்காக 2023 நவம்பரில் வெளியான புதிய பாடத்திட்டத்தில் திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகங்களைப் பிரித்தெடுக்கும் பாடம், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் எல்லாம் எடுக்கப்பட்டன. நம் புத்தகக் கணக்கில் அது பதினைந்தில் நாலு பாடம். நீட் பயிற்சியில் 'இது தேவையில்லை' என்று கேட்டுப் பழகிய பிள்ளை மார்ச் மாதம் வேதியியல் தாளைப் பிரிக்கும்போது அந்த நாலு பாடமும் முழு மதிப்போடு அதில் உட்கார்ந்திருக்கும். திடநிலைமையில் வரும் ஃபிரெங்கல், ஷாட்கி குறைபாடுகளைப் பத்து நாளில் புதிதாகப் படிக்க நேர்ந்த நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தேர்வும் எழுதுகிறவர்களுக்கு இரண்டு அட்டவணை வேண்டும். பழைய நீட் தாளை எண்ணும்போது 2023 வரைக்குமான தாள்களில் இந்தப் பாடங்களின் கேள்விகளை அடித்துவிட்டு எண்ண வேண்டும்.

வரிசை பிள்ளையின் இலக்கைப் பொறுத்தும் மாறும். தேர்ச்சி நிச்சயமில்லை என்று பயப்படுகிற பிள்ளைக்குக் கணக்கு இது: மொத்தத்தில் 35 வேண்டும், எழுத்துத் தேர்வில் 70க்கு 15ஆவது வேண்டும். செய்முறையையும் அகமதிப்பீட்டையும் ஒழுங்காகச் செய்திருந்தால் அதிலேயே பெரும் பங்கு வந்திருக்கும். இந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது பதினைந்து பாடத்தின் பின்பக்க ஒன் மார்க், அப்புறம் நாலைந்து சிறிய பாடங்கள். ஒரு பெரிய பாடத்தையும் ஆழமாகத் தொட வேண்டாம். தேர்ச்சிப் பட்டியலில் வேலூர் அடிக்கடி கீழ் வரிசையில் வருவதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு இந்த 15 மார்க்கை ஜனவரியிலேயே கையில் கொடுத்துவிட்டால் பயம் பாதி குறையும். மறு கோடியில், பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பொறியியல் கட்-ஆஃபில் வேதியியல் நூறு மார்க் ஐம்பதாகச் சுருங்கும். ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை. அந்த அரையில் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இவளுக்கு விடக்கூடிய பாடம் என்று எதுவும் கிடையாது. டிரெண்ட் இவளுக்கு உதவுவது எதை எத்தனை தடவை திருப்புவது என்பதில் மட்டும்.

பேரணாம்பட்டு மாணவி இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். அவள் வரிசையில் கடைசிப் பாடமும் உயிரியல் மூலக்கூறுகளும் முதல் வாரத்தில் வந்தன. வேகவியலும் மின் வேதியியலும் இரண்டாவது வாரம், லாக் டேபிளோடு. கரிமப் பாடம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஆல்கஹாலிலிருந்து ஆல்டிஹைடு, அமிலம், அமைடு, அமீன் என்று ஒரே வரைபடமாகப் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பி-தொகுதியை இரண்டாகப் பிரித்து, தயாரிப்பும் பயன்களும் மட்டும் முதலில். அவள் விட்டது எதுவும் இல்லை, ஆனால் திடநிலைமையில் வரைபடங்களும் வேறுபாடுகளும் மட்டும் என்று எல்லை போட்டுக்கொண்டாள்.

தேர்வறையில் இன்னொரு தடவை இதே வேலை இருக்கிறது. பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வரும், படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம். பேனாவைத் தொட முடியாத அந்தப் பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் ஒன் மார்க்கிலேயே நின்றுவிடுகிறார்கள். நேராக 24க்கும் 33க்கும் போக வேண்டும், சாய்ஸ் இல்லாத கேள்விகள் அவை. அடுத்து ஐந்து ஜோடிகளிலும் எந்தப் பக்கம் என்று மனதில் முடிவு செய்ய வேண்டும், இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த கேள்வியில் பாதி மட்டும் தெரிந்தாலும் அந்தப் பாதி எத்தனை மார்க் என்று பார்த்துக்கொண்டு. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் விடப்போகிற மூன்றை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன் மார்க்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும், 10.15க்குப் பேனா எடுத்ததும் முதலில் எழுதப்போவதும் அதைத்தான்.